கொழும்பைச் சுற்றி இலகுவான நடைப்பாதைகள்: எதைத் தெரிவது?

"சனிக்கிழமை விடியற்காலையில் அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்காவது நடக்கப் போகலாம் என்றால், எங்கே போவது?" வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வத்தளையிலிருந்தும் இந்தக் கேள்வி ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. கேட்பவர்கள் மலையேறும் வழக்கமுள்ளவர்கள் அல்லர். காலிமுகத்திடலிலும் விகாரமகாதேவிப் பூங்காவிலும் சுற்றிச் சலித்தவர்கள். மரமும் நீரும் பறவையும் உள்ள ஓர் இடத்தில் ஒன்றிரண்டு மணித்தியாலம் நடந்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப விரும்புபவர்கள். ஐந்தாறு இடங்களின் பெயர்கள் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். எது தங்களுக்கு ஏற்றது என்பதில்தான் தடுமாற்றம்.

கொழும்பு ஆற்றங்கரை நகரம் என்றாலும், ஆற்றங்கரையோடு நடப்பதற்கு இங்கே வழி மிகக் குறைவு. மலைநாட்டில் பிறந்து 145 கிலோமீற்றர் ஓடிவரும் களனி கங்கை முகத்துவாரத்துக்கும் மட்டக்குளிக்கும் அருகே கடலில் கலக்கிறது. ஆனால் நகரப் பகுதியில் அதன் கரையை வெள்ளத்தடுப்பு அணைகளும் வீடுகளும் களஞ்சியங்களும் தொழிற்சாலைகளும் பங்குபோட்டுக்கொண்டிருப்பதால், ஒரு மணித்தியாலம் தடையின்றி நடக்கக்கூடிய தொடர்ச்சியான பாதை எதுவும் அங்கு இல்லை. நடக்கத்தக்க இடங்கள் ஆற்றின் வெள்ளச் சமவெளியில் அமைந்த சதுப்பு நிலங்களிலும் குளங்களிலும் கால்வாய்க் கரைகளிலும், மேலே போனால் அவிசாவளைப் பக்கத்திலும் இருக்கின்றன. இக்கட்டுரையில் ஒப்பிடப்படுபவை அவையும் கம்பஹாவிலுள்ள ஒரு தாவரவியல் பூங்காவும்தாம்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது?

தூரத்தையும் ஏற்றத்தையும் பார்த்துப் பாதையைத் தெரிவது மலைநாட்டுக்குப் பொருந்தும். கொழும்பைச் சுற்றியுள்ள பாதைகள் பெரும்பாலும் சமதரையானவை, நீளத்திலும் குறைந்தவை. ஆகவே கால்களுக்கு எல்லாம் ஏறத்தாழ ஒன்றுதான். இங்கே ஒரு நடையை இலகுவாக்குவதும் கடினமாக்குவதும் நிழல், மழைக்குப் பிந்திய நிலம், திரும்பிவரும் வழி ஆகிய மூன்றுமே என்பது எனது துணிபு.

நிழலை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஆறு மணியையொட்டி விடிகிறது. எட்டரை மணிக்கெல்லாம் திறந்த வெளியில் வெயில் சுள்ளென்று இறங்கிவிடுகிறது. காற்றின் ஈரப்பதன் காரணமாக வியர்வை உலர்வதுமில்லை. மரநிழலில் ஒன்பதரை வரை சிரமமின்றி நடக்கும் எழுபது வயதுக்காரர், திறந்த அணைக்கட்டில் அரை மணித்தியாலத்திலேயே களைத்துப்போவார். நிழலற்ற பாதையைத் தெரிந்தால் ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அதற்கு வீட்டிலிருந்து ஐந்து மணிக்குப் புறப்பட வேண்டும். "காலையில் போகலாம்" என்று சொல்லும் குடும்பங்களில் எத்தனை பேரால் அது முடியும் என்பதை அவரவர் வீட்டு வழக்கத்தை வைத்தே கணித்துக்கொள்ளலாம்.

நிலத்தைப் பொறுத்தவரை, கொன்கிரீட்டும் சரளைக்கல்லும் மழை விட்டு ஒரு மணித்தியாலத்தில் நடக்கத் தகுந்தவையாகிவிடும். மண்பாதை ஒருநாள் வரை சேறாகக் கிடக்கும். மரப்பலகைப் பாதைதான் ஏமாற்றும்: பார்வைக்கு உலர்ந்தது போலிருந்தாலும், நிழல் விழும் இடங்களில் பலகையின் மேல் பாசி படிந்து, இறப்பர்ச் செருப்பு வழுக்கிக்கொண்டு போகும்.

திரும்பிவரும் வழியைப் பலரும் புறப்படும்போது யோசிப்பதில்லை. போகும்போது வீட்டு வாசலிலேயே ஓட்டோ கிடைக்கும். திரும்பும்போது நீங்கள் நிற்பது பிரதான வீதியிலிருந்து இரண்டு கிலோமீற்றர் உள்ளே, வயலோரத்தில். செயலியில் அழைத்தாலும் அந்த நேரத்தில் அருகில் வாகனம் இருக்குமென்பதற்கு உறுதியில்லை. கழிப்பறை உண்டா, உட்கார இடமுண்டா, நுழைவுக் கட்டணம் என்ன என்பவை இவற்றுக்கு அடுத்த நிலையில் வருபவை. ஆனால் முதியவர்களோ சிறு பிள்ளைகளோ உடன் வந்தால் கழிப்பறை முதலிடத்துக்கு ஏறிவிடும்.

| பாதை | கொழும்புக் கோட்டையிலிருந்து ஏறக்குறைய | நிழல் | மழைக்குப் பின் | கழிப்பறை | நுழைவுச்சீட்டு |
|---|---|---|---|---|---|
| பெத்தகான, தியசரு | 10 – 13 கி.மீ. | பாதிக்கு மேல் | பலகை வழுக்கும் | உண்டு | உண்டு |
| தலங்கம குளம் | 14 கி.மீ. | குறைவு | வீதி நல்லது, வரப்பு சேறு | இல்லை | இல்லை |
| ஹமில்டன் கால்வாய் | 10 கி.மீ. | ஆங்காங்கே | பெரும்பாலும் நல்லது | இல்லை | இல்லை |
| ஹெனரத்கொட, கம்பஹா | 30 கி.மீ. | நிறைய | நல்லது | உண்டு | உண்டு |
| அவிசாவளை | 55 – 60 கி.மீ. | கலவை | இடத்துக்கு இடம் மாறும் | பூங்காவில் உண்டு | பூங்காவுக்கு உண்டு |

## பெத்தகானவும் தியசருவும்

முதன்முறையாக நடக்கப் போகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது கோட்டே சதுப்பு நிலங்களைத்தான். 2010 நவம்பரில் பெய்த மழையில் நாடாளுமன்ற வளாகமே வெள்ளத்தில் மூழ்கியதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். தாழ்நிலங்களை நிரப்பிக் கட்டடம் எழுப்பியதன் விலை அன்று கண்கூடாகத் தெரிந்தது. அதன் பின்னர் உலக வங்கியின் உதவியோடு முன்னெடுக்கப்பட்ட கொழும்புப் பெருநகர அபிவிருத்தித் திட்டத்தின் கீழ், மழைநீரைத் தேக்கிவைக்கும் நிலங்களாக எஞ்சியவற்றைக் காப்பாற்றி, அவற்றிலே மக்கள் நடக்கவும் வழிசெய்தார்கள். 2016 இல் திறக்கப்பட்ட பெத்தகான சதுப்புநிலப் பூங்கா அவ்வாறு உருவானது. பரப்பளவு சுமார் 18 ஹெக்டேயர். சதுப்பு நிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலகில் முதன்முதலாகச் சதுப்புநில நகரங்களாக 2018 இல் அங்கீகரிக்கப்பட்ட பதினெட்டு நகரங்களுள் கொழும்பும் இடம்பெற்றதற்கு இத்தகைய இடங்களே காரணம்.

பெத்தகானவின் பாதை சுற்றுப்பாதை. ஒரே வழியால் திரும்பிவர வேண்டியதில்லை. அவசரமில்லாமல் நடந்தால் ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். பலகைப் பாதை நீருக்கு மேலாகப் போகுமிடத்தில் நின்று கீழே பார்த்தால், நீலத் தாழைக்கோழி தன் நீண்ட சிவந்த விரல்களை விரித்து, மிதக்கும் இலைகளின் மேல் ஒவ்வோர் அடியாக வைத்து நடப்பதைக் கைக்கெட்டும் தூரத்தில் காணலாம். கபரகொய்யா பாதையின் குறுக்கே படுத்திருந்தால் அது எழும்பிப் போகும்வரை காத்திருப்பதே முறை. விரட்டினால் அது நீருக்குள் குதிக்கும், பிள்ளைகள் அலறுவார்கள், அத்தோடு பறவைகளும் போய்விடும். மீன்பிடிப் பூனையும் நீர்நாயும் இந்தச் சதுப்புகளில் வாழ்கின்றன என்றாலும், பகலில் நடப்பவருக்கு அவை தென்படுவது அரிது. நாடாளுமன்றத்தைச் சூழ்ந்த தியவன்னா ஏரியைச் சார்ந்த நீர்நிலைகளில் முதலைகள் இருப்பதால், பாதையை விட்டு இறங்கி நீரோரத்தில் நிற்பதற்குப் பிள்ளைகளை விடலாகாது.

இந்தச் சேற்று நிலத்துக்கு இன்னொரு பழைய உறவும் உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் அமைச்சர் அழகக்கோனார் கோட்டே அரணைக் கட்டியபோது, இரு பக்கமும் பரந்திருந்த இந்தச் சதுப்பையே இயற்கை அகழியாக நம்பினார். பின்னர் அங்கிருந்து புறப்பட்ட கோட்டே இளவரசர் செண்பகப் பெருமாள்தான் 1450 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினார். பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு இதைவிட நல்ல கதை இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது.

தலவத்துகொடப் பக்கத்திலுள்ள தியசரு பூங்கா இதைவிடப் பெரியது, ஆரவாரமும் குறைந்தது. பறவை பார்ப்பவர்களுக்கும், தனிமையில் நீண்ட நேரம் நடக்க விரும்புபவர்களுக்கும் அது மேல். சிறு பிள்ளைகளோடும் முதியவர்களோடும் போவதானால் பெத்தகானவே நல்லது. பாதை சிறிது, இளைப்பாறும் இடங்கள் அடுத்தடுத்து வருகின்றன, நகரத்துக்கும் அண்மையில் இருக்கிறது.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்லவேண்டும். இலங்கை அடையாள அட்டை உள்ளவர்களுக்கு நுழைவுச்சீட்டு மலிவு. ஆனால் ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வந்திருக்கும் சித்தப்பாவின் குடும்பம் உடன் வந்தால், வெளிநாட்டவருக்கான கட்டணம் தனி. நான்கு பேர் என்றால் அது மற்ற எல்லாச் செலவுகளையும் விஞ்சிவிடும். இரண்டாவது, திறக்கும் நேரம். வாயில் திறந்த பிறகே உள்ளே போகலாம் என்பதால், ஐந்தரைக்கே நடந்து பழகியவர்களுக்கு இந்த இடங்கள் ஒத்துவரா. மூன்றாவது நுளம்பு. சதுப்பு நிலத்தில் அரைக்காற்சட்டையோடு நிற்பவரை நுளம்புகள் சும்மா விடுவதில்லை. நீளக் காற்சட்டையும் நுளம்புக்குப் பூசும் களிம்பும் அவசியம்.

## தலங்கம குளம்

பெத்தகானவா, தலங்கமவா என்று கேட்பவர்களே அதிகம். இரண்டும் பத்தரமுல்லையைச் சுற்றியே இருந்தாலும், இயல்பில் வேறுபட்டவை. தலங்கம பூங்கா அல்ல. நெல்வயல்களுக்கு நீர் பாய்ச்சுவதற்காக வெட்டப்பட்ட பழைய குளம், அதன் அணைக்கட்டு, அணையின் கீழே வயல், வயலைச் சுற்றித் தோட்டங்கள் கொண்ட வீடுகள். 2007 இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக இது பிரகடனப்படுத்தப்பட்டது. வாயிலும் இல்லை, சீட்டும் இல்லை. விடிந்தவுடன் போய் இறங்கலாம்.

பறவைகளைப் பொறுத்தவரை, கொழும்பைச் சுற்றி இதற்கு நிகரான இடம் குறைவு என்றே கருதுகிறேன். கூழைக்கடா, நீர்க்காகம், செந்நாரை, சீழ்க்கைச் சிரவி, மீன்கொத்தி ஆகிய யாவற்றையும் ஒரே இடத்தில் நின்றபடி பார்க்கலாம். இலங்கைக்கே உரியதும் அற்றுப்போகும் ஆபத்திலுள்ளதுமான ஊதாமுக மந்தி, குளத்தைச் சுற்றியுள்ள வீட்டுத் தோட்டங்களின் பலா மரங்களில் கூட்டமாக வாழ்கிறது. காலையில் அதன் கரகரத்த குரல் முதலில் கேட்கும். பிறகு கிளை ஆடும். அதன் பின்னரே உருவம் தெரியும்.

ஆனால் நடைப்பாதை என்ற அளவில் தலங்கமவுக்கு இரண்டு குறைகள் உள்ளன. அணைக்கட்டின் மேலே போவது வாகனங்கள் ஓடும் வீதி. ஏழு மணி வரை அமைதியாக இருக்கும் அந்த வீதியில், அதன் பிறகு மோட்டார் சைக்கிள்களும் பாடசாலை வான்களும் வரத் தொடங்கிவிடும். நடப்பவர் ஓரமாக ஒதுங்கி ஒதுங்கியே போக வேண்டியிருக்கும். வார இறுதிகளில் திருமணப் படம் எடுப்பவர்களும் வந்து நிற்பார்கள். வீதியை விட்டு வயல் வரப்பில் இறங்கலாமே என்று தோன்றும். உலர்ந்த காலத்தில் அது இன்பமான நடைதான். ஆனால் நீர் நிற்கும் வயலில் வெறுங்காலோடும், காலில் காயத்தோடும் இறங்குவது எலிக்காய்ச்சலை விலைகொடுத்து வாங்குவதற்குச் சமம். அவ்வரப்புகள் விவசாயிகளின் வேலைக்கானவை என்பதையும் மனத்தில் கொள்ளவேண்டும்.

பொதுக் கழிப்பறை இல்லாமையால், இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தங்குவது குடும்பங்களுக்குச் சிரமம். கொள்ளுப்பிட்டியிலிருந்து கடுவெல போகும் 177 ஆம் இலக்க பஸ்ஸில் கொஸ்வத்தையில் இறங்கி, அங்கிருந்து ஓட்டோ பிடிக்கலாம். அதே ஓட்டோக்காரரிடம் திரும்பிவரும் நேரத்தையும் சொல்லி, அவருடைய தொலைபேசி இலக்கத்தை வாங்கிவைப்பது சிறந்தது. சொந்த வாகனம் உள்ளவர்களுக்கும், கமெராவோடு தனியாகவோ இருவராகவோ போகிறவர்களுக்கும் தலங்கம பெத்தகானவைவிட உகந்தது. மூன்று தலைமுறையாகப் புறப்படும் குடும்பத்துக்கு அது உகந்ததன்று.

## ஹமில்டன் கால்வாய்க் கரை

வத்தளை, ஹெந்தளை, மட்டக்குளிப் பக்கத்தில் வாழ்பவர்கள் கோட்டே வரை போவதற்கு நகரத்தின் நெரிசல் முழுவதையும் கடக்கவேண்டும். அவர்களுக்குக் காலடியிலேயே ஒரு பாதை இருக்கிறது. பலரும் ஒல்லாந்தர் கால்வாய் என்றே இதை அழைத்தாலும், களனி கங்கையின் வடகரைப் பக்கத்திலிருந்து நீர்கொழும்புக் களப்பை நோக்கிப் போகும் இந்தக் கால்வாய் ஆங்கிலேயர் காலத்தில் 1802 இல் தொடங்கப்பட்டு 1804 இல் முடிந்தது. நீளம் ஏறக்குறைய 14.5 கிலோமீற்றர். கடலுக்குச் சமாந்தரமாக, பல இடங்களில் கடலோசை கேட்கும் தூரத்தில் ஓடுகிறது.

கரையின் சில பகுதிகளில் கல் பதித்த நடைபாதை உண்டு. தென்னை நிழல் விட்டுவிட்டு வரும். ஆனால் கடற்காற்று வெயிலைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது. கால்வாயில் கட்டியிருக்கும் மீன்பிடி வள்ளங்கள், வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வருபவர்கள், வீதியோரச் சுரூபக் கூடுகள், காலைத் திருப்பலிக்கு நடந்துபோகும் குடும்பங்கள் என, மற்ற இடங்களில் இல்லாத மனித நடமாட்டம் இங்கே உண்டு. காட்டமைதியைத் தேடுபவருக்கு இது பிடிக்காது; தனியாக நடக்கும் பெண்களுக்கோ ஆள் நடமாட்டமே ஒரு பாதுகாப்பு. ஹெந்தளைப் பக்கத்தில் தமிழ் பேசுவோர் நிறைய வாழ்வதால், வழி கேட்பதற்கும் தேத்தண்ணிக் கடையில் இரண்டு வார்த்தை பேசுவதற்கும் தடையிருக்காது.

இது நேர்ப்பாதை, சுற்றி வராது. ஒரு மணித்தியாலம் போனால் ஒரு மணித்தியாலம் திரும்ப வேண்டும், அதுவும் ஏறும் வெயிலில். கால்வாய்க்குச் சமாந்தரமாகப் பமுனுகம வீதியில் பஸ் ஓடுவதால், ஒரு வழி நடந்து மறுவழி பஸ்ஸில் வருவதே புத்திசாலித்தனம். தெருநாய்கள் சில இடங்களில் கூட்டமாக நிற்கும்; நாய்க்குப் பயந்தவர்கள் கையில் ஒரு குடையாவது வைத்திருக்கட்டும். குப்பை தேங்கும் வளைவுகளில் நாற்றமும் உண்டு. தினமும் நடப்பவருக்கு, செலவில்லாத காரணத்தினாலேயே, இதுதான் முதல் தெரிவு. விருந்தினரை அழைத்துப்போய்க் காட்டும் இடமாக இதைச் சொல்ல மாட்டேன்.

## ஹெனரத்கொட தாவரவியல் பூங்கா

இதைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. கோட்டையிலிருந்து ரயிலேறிக் கம்பஹாவில் இறங்கினால் ஓட்டோவில் சில நிமிடம். 1876 இல் நிறுவப்பட்டு, ஆசியாவின் முதல் இறப்பர்க் கன்றுகள் நடப்பட்ட இடம் என்ற புகழ் இதற்கு உண்டு. நூறாண்டு தாண்டிய மரங்களின் நிழல், சமதரைப் பாதைகள், இருக்கைகள், கழிப்பறை என முழங்கால் வலியுள்ளவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் இந்தப் பட்டியலில் மிகப் பொருத்தமான இடம் இதுவே. காலை பத்து மணிக்குப் போனாலும் நடக்கலாம் என்பது இதன் பெரிய அனுகூலம். கொழும்பை நோக்கி வேலைக்கு வருபவர்களின் நெரிசலுக்கு எதிர்த்திசையில் பயணிப்பதால், வார நாட்களிலும் ரயிலில் உட்கார்ந்தே போகலாம். வெளிநாட்டவர் கட்டணம் இங்கும் வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் சோடிகளும் பாடசாலைச் சுற்றுலாக்களும் நிறைந்துவிடும்.

## அவிசாவளை: ஒருநாள் ஒதுக்கக்கூடியவர்களுக்கு

ஆற்றையும் குன்றையும் காட்டையும் ஒருங்கே காண விரும்புபவர் அவிசாவளைக்குத்தான் போகவேண்டும். களனி கங்கைச் சமவெளி முடிந்து, மலைகள் எழத் தொடங்கும் வாசல் அது. புவக்பிட்டியவைச் சுற்றி இறப்பர்த் தோட்டங்களும் அங்கே தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

இங்கே ஒரே பாதை என்று எதுவுமில்லை. மூன்று சிறு நடைகளைச் சேர்த்து ஒரு நாளாக்கிக்கொள்ள வேண்டும். முதலாவது, இலுக்கோவிட்டவிலுள்ள சீதாவாக்கை ஈரவலயத் தாவரவியல் பூங்கா. தாழ்நில மழைக்காட்டுத் தாவரங்களைப் பேணுவதற்காக உருவாக்கப்பட்ட, நூறு ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட பரப்புடைய இந்தப் பூங்காவில் மெல்லிய ஏற்ற இறக்கங்களும் ஒரு நீர்நிலையும் உண்டு. வயதில் இளைய பூங்கா என்பதால் பேராதனையிலோ கம்பஹாவிலோ காணும் முதிர்ந்த நிழலை எதிர்பார்க்கக்கூடாது, தொப்பி தேவை.

இரண்டாவது, பெரெண்டி கோவில். 1521 இல் மாயாதுன்னை தொடங்கிய சீதாவாக்கை இராசதானியை அவனுக்குப் பின் ஆண்ட முதலாம் இராஜசிங்கன் சைவத்தைத் தழுவினான் என்பது மரபு. அவன் கட்டத் தொடங்கி முடிவுறாமலே போனது இந்தக் கோவில். இன்று எஞ்சியிருப்பவை அடித்தளமும் படிகளும் செதுக்கிய கற்களும் மட்டுமே. கல்லின் அடிவரிசையில் சில இடங்களில் உளி நுணுக்கமாக வேலைசெய்து முடித்திருக்கிறது. அதே வரிசையின் அடுத்த கல் வெறுமையாக நிற்கிறது. சைவர்கள் மட்டுமன்றி எவரும் அரை மணித்தியாலம் செலவிடத் தகுந்த இடம். நடக்கும் தூரம் சிறிதுதான். ஆனால் மழைக்குப் பின் கற்படிகள் வழுக்கும்.

மூன்றாவது, திரும்பும் வழியில் ஹன்வெல்லையில் ஆற்றோரம். 1803 இல் ஆங்கிலேயருக்கும் கண்டிப் படைக்கும் சண்டை நடந்த பழைய கோட்டையின் இடத்தில், களனி கங்கையைப் பார்த்தபடி வாடிவீடு நிற்கிறது. நடப்பதற்கு அங்கே அதிகமில்லை. ஆனால் நகரத்தில் நாம் பார்க்காத கங்கையை, அகன்று வளைந்து ஓடும் உருவில், ஒரு கோப்பை தேத்தண்ணியோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

மறைந்திருக்கும் செலவு முழுவதும் பயணத்தில்தான் இருக்கிறது. களனிவெளி ரயில் பாதையில் போகலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும், அழகான பாதைதான். ஆனால் அந்தப் பாதையின் ரயில்கள் வேலைக்குப் போகிறவர்களுக்காக ஓடுபவை: காலையில் கொழும்பை நோக்கி வரும், மாலையில் அவிசாவளைக்குத் திரும்பும். நடக்கப் போகிறவருடைய தேவை நேர் எதிரானது. ரயிலில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். வார இறுதியில் சேவைகளும் குறையும். ஆகவே புறக்கோட்டையிலிருந்து மகரகம, ஹோமாகம வழியாகப் போகும் 122 ஆம் இலக்க பஸ்ஸே நம்பிக்கையானது. அவிசாவளையில் இறங்கி மூன்று இடங்களுக்கும் ஓட்டோ தேவை. தனித்தனியாகப் பிடிப்பதைவிட அரைநாளுக்குப் பேசி எடுப்பது மலிவு. நான்கு பேர் சேர்ந்தால் வான் ஒன்றை வாடகைக்கு எடுப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் வராது. தண்டவாளத்தில் நடந்து படம் எடுக்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அது சட்டவிரோதம் என்பதோடு, வளைவுகள் மிகுந்த அந்தப் பாதையில் ரயில் வருவது கடைசி நேரத்திலேயே தெரியும்.

கம்பஹாவா, அவிசாவளையா என்று தயங்குபவர்கள் தங்கள் குழுவில் மிக மெதுவாக நடப்பவரை நினைத்துப் பார்க்கட்டும். அவரால் ஐந்து முறை வாகனம் ஏறி இறங்க முடியுமென்றால் அவிசாவளை, முடியாதென்றால் கம்பஹா.

## கித்துல்கல இந்தப் பட்டியலில் ஏன் இல்லை?

களனி கங்கையின் மேற்பகுதியில், கொழும்பிலிருந்து தொண்ணூறு கிலோமீற்றரளவில் உள்ள கித்துல்கலவை "இலகுவான நடை" என்று சொல்லிப் பலர் அழைத்துப்போகிறார்கள். ஆற்றைக் கடந்து நுழையும் மகந்தாவக் காடும், கற்கால மனிதரின் எச்சங்கள் கிடைத்த பெலிலேனக் குகையும் அருமையானவைதான். ஆனால் குகைக்குப் போகும் வழி தொடர்ந்து ஏறுகிறது; காட்டில் அட்டைக் கடிக்குத் தயாராக இருக்கவேண்டும்; போய்வரும் பயணம் மட்டுமே ஆறு மணித்தியாலத்தை விழுங்கிவிடும். இரவு தங்கும் எண்ணமுள்ள இளைஞர்களுக்கு நல்லது. இந்தக் கட்டுரை யாருக்காக எழுதப்படுகிறதோ அவர்களுக்கு அது பொருந்தாது.

## எந்த மாதத்தில் எது?

மேலே சொன்னவற்றையெல்லாம் மாதம் மாற்றிவிடும். சனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை மழை குறைவு. அவிசாவளைக்கும் தலங்கம வயல் வரப்புகளுக்கும் அதுவே பருவம். வடக்கிலிருந்து வரும் வலசைப் பறவைகளும் அப்போது இங்கே இருக்கும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலை வெயில் பளிச்சென்றிருந்தாலும், பிற்பகலில் இடியும் மின்னலும் வந்துவிடும். அந்த மாதங்களில் எந்தப் பாதையானாலும் மதியத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். திறந்த அணைக்கட்டிலும் சதுப்பின் நடுவேயுள்ள பார்வைக் கோபுரத்திலும் மின்னலில் அகப்படுவது விளையாட்டல்ல. மே மாதத்தில் தென்மேல் பருவமழை இறங்கியபின், அவிசாவளையில் கொழும்பைவிட மழை கணிசமாக அதிகம்; ஆகவே ஓகஸ்ட் வரை அதை ஒத்திவைப்பதே நல்லது.

மேற்பகுதிகளில் இரண்டு நாள் அடைமழை பெய்திருந்தால், புறப்படுமுன் நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் ஆற்று நீர்மட்டத்தைப் பாருங்கள். கொழும்புக்கு உரிய அளவுகோல் நாகலகம் வீதியில் இருக்கிறது; அங்கே நீர் 5 அடியைத் தொட்டால் சிறு வெள்ளம், 7 அடியைத் தாண்டினால் பெருவெள்ளம் என்று கணக்கு. 2016 மே மாதத்தில் இந்த ஆறு கடுவெல, கொலன்னாவைப் பகுதிகளை எப்படி மூழ்கடித்தது என்பதை அங்கே உறவினர் உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மட்டம் ஏறிக்கொண்டிருக்கும் நாளில் ஹன்வெல்ல ஆற்றோரத்தையும் ஹமில்டன் கால்வாயையும் கைவிடவேண்டும். பெத்தகானவும் தியசருவும் வெள்ளநீரைத் தாங்கிவைக்கும் நிலங்கள் என்பதால், அன்று அவற்றின் பாதைகள் நீரில் இருப்பது குறையல்ல; அவை தம் வேலையைச் செய்கின்றன. கம்பஹாவைப் பொறுத்தவரை நாகலகம் வீதி அளவுகோல் எதுவும் சொல்லாது. அந்த ஊருக்கு வெள்ளத்தைக் கொண்டுவருவது அத்தனகலு ஓயா, அதன் நீர்மட்டத்தைத் தனியாகப் பார்க்கவேண்டும். இரண்டும் ஏறியிருந்தால், சுதந்திர சதுக்கத்தைச் சுற்றியுள்ள தளமிட்ட நடைபாதையில் குடையோடு நடப்பதே அன்றைய தெரிவு.